கந்தீஸா: புரியாத ஒரு பாட்டு ஹிட்டான கதை

1990களில் இந்தியாவில் ஒரு ராக் குழு நாலு பேருக்குத் தெரிய வேண்டுமென்றால் இருந்த வழிகள் மூன்று. ஒன்று, இங்கிலீஷ் பாட்டுகளை அச்சு அசலாக வாசித்துக் காட்டி கல்லூரி விழாக்களில் கைதட்டல் வாங்கலாம். இரண்டு, ஹிந்தியில் மென்மையாக ஒரு காதல் பாட்டுப் போட்டு மியூசிக் சானலில் வரலாம். மூன்று, சினிமாவுக்குப் போகலாம். நாலாவதாக, யாருக்கும் தெரியாமலே இருந்துவிட்டுப் போகலாம். பெரும்பாலான குழுக்களுக்கு இதுதான் வாய்த்தது!

டெல்லியைச் சேர்ந்த இந்தியன் ஓஷன் என்ற குழு 2000-ல் ஓர் ஆல்பம் போட்டது. அதில் முதல் மூன்று வழிகளில் எதுவும் இல்லை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிவழியாகப் பாடிவரும் ஒரு ஜெபத்தை எடுத்து, கிட்டார், தபலா, டிரம்ஸ் வைத்து வாசித்து, அதையே ஆல்பத்துக்குப் பெயராகவும் வைத்தார்கள். ‘கந்தீஸா’. பாட்டின் மொழி அரமேயம் என்றும் கிழக்குச் சிரியாக் என்றும் சொல்லப்படுவது. ஏசு பேசிய மொழியின் குடும்பம். டெல்லியில் அதைப் புரிந்துகொள்ள எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால் அந்தப் பாட்டுதான் இந்தியன் ஓஷனை ஒரு சின்ன ரசிகர் வட்டத்திலிருந்து வெளியே இழுத்து, நாடு முழுக்கக் கல்லூரி மைதானங்களில் கொண்டுபோய் நிறுத்தியது.

இது எப்படி நடந்தது, அந்தப் பாட்டுகளோடு வேறு என்னவெல்லாம் வந்தது, என்னவெல்லாம் வராமல் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன், மெயின்ஸ்ட்ரீம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ராயபுரத்தில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் போய்ப் பத்து நிமிஷம் நின்றால் போதும். ஓவர்லாக்கும் பேட்லாக்கும் ஓடுகிற சத்தத்துக்கு மேலே ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். டெய்லர், கைமடி, செக்கிங், அயர்னிங் என்று எல்லோருக்கும் ஒரே பாட்டு. யாரும் தேடிப் பிடித்ததல்ல, தானாக வந்து காதில் விழுவது. கூடவே வாய் முணுமுணுக்கும், கை பாட்டுக்கு வேலை செய்யும். தேடாமலே வந்து சேர்கிற பாட்டுதான் மெயின்ஸ்ட்ரீம். தமிழ்நாட்டில் அது சினிமாப் பாட்டு. மார்கழியில் கொஞ்சம் பக்திப் பாட்டு, தேர்தல் வந்தால் கொஞ்சம் கட்சிப் பாட்டு. மற்றதெல்லாம் தேடிப் போய்க் கேட்க வேண்டியவை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மெயின்ஸ்ட்ரீமும் ராக்தான், அதை எதிர்த்து வந்ததும் ராக்தான். ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் தொடங்கிய ஆர்.இ.எம். குழு, சின்ன கம்பெனியான ஐ.ஆர்.எஸ்.ஸை விட்டுவிட்டு வார்னர் கம்பெனிக்குப் போய் 1988-ல் ‘கிரீன்’ ஆல்பம் போட்டபோது, பழைய ரசிகர்களுக்கு வந்த சந்தேகம் ஒன்றுதான்: இவர்கள் விலை போய்விட்டார்களா? 1991-ல் ‘அவுட் ஆஃப் டைம்’ வந்தது. மாண்டலின் வாசித்து, நடனமாட முடியாத ஒரு சோகப் பாட்டைப் போட்டு உலகம் முழுக்க ஹிட் ஆக்கினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தையே கீழே தள்ளி முதலிடத்துக்கு வந்தது. ஆக, அங்கே கதை எப்போதும் இதுதான்: சின்ன கம்பெனியிலிருந்து பெரிய கம்பெனிக்கு, கரடுமுரடான ஒலியிலிருந்து வழுவழுப்பான ஒலிக்கு.

இந்தியாவில் ஒலியை எவ்வளவு வழுவழுப்பாக்கினாலும் பிரயோஜனம் இல்லை. சினிமா என்ற மதில் அப்படி. அதனால்தான் இந்தியன் ஓஷன் கதை கொஞ்சம் வித்தியாசமானது.

குழு உருவானது 1990-ல். சுஷ்மித் சென் கிட்டார். அஷீம் சக்கரவர்த்தி தபலாவும் பாட்டும். இருவரும் வங்காளிகள், 80களிலேயே சேர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள். சுஷ்மித்தின் கிட்டாரைக் கேட்டால் பல இடங்களில் சிதார் மாதிரி இருக்கும். ஹிந்துஸ்தானி ராகங்களை வைத்துக்கொண்டு மீட்டுவார். வெள்ளைக்காரக் குழுக்கள் மாதிரி வாசிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்ததாகவே தெரியவில்லை. அஷீம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தபலா வாசித்துக்கொண்டே உச்சஸ்தாயியில் பாடுவார். ராக் மேடையில் பாடகர் என்றால் மைக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்க வேண்டும் என்ற விதிக்கு இது நேர் எதிர்.

1991-ல் ராகுல் ராம் பேஸ் கிட்டாருடன் வந்து சேர்ந்தார். இவர் ஒரு தனிப் பிறவி. ஐ.ஐ.டி. கான்பூரில் வேதியியல், பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டர் பட்டம். அதை வைத்து ஒரு நல்ல வேலையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் போனது நர்மதைப் பள்ளத்தாக்குக்கு. மேதா பட்கர் முன்னின்று நடத்திய நர்மதா பச்சாவோ ஆந்தோலன் போராட்டத்தில் 90களின் முற்பகுதியில் இறங்கி வேலை செய்தார். இது முக்கியமான விஷயம், பின்னால் இதற்குத் திரும்ப வருவோம். 1994-ல் அமித் கிலம் டிரம்ஸுக்கு வந்தார். குழுவில் சின்னவர் இவர்தான். இந்த நால்வர்தான் ‘கந்தீஸா’வைச் செய்தவர்கள்.

முதல் ஆல்பம் குழுவின் பெயரிலேயே 1993-ல் எச்.எம்.வி. மூலம் வந்தது. பெரும்பாலும் வாத்திய இசை. இரண்டாவது ஆல்பம் ‘டெஸர்ட் ரெயின்’, 1997. இது ஸ்டுடியோவில் செய்ததே அல்ல, மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. அந்த மேடையும் சாதாரண மேடையல்ல. 1989 ஜனவரி 1-ம் தேதி டெல்லியை ஒட்டிய சாஹிபாபாத்தில் தொழிலாளர்கள் நடுவே தெரு நாடகம் போட்டுக்கொண்டிருந்த சஃப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். அவர் நினைவாக ஏற்பட்ட ‘சஹ்மத்’ அமைப்பு நடத்திய நினைவு நிகழ்ச்சியில்தான் இந்தியன் ஓஷன் அன்று வாசித்தது. (அந்த ஆல்பத்தில் பருத்தியைத் தின்னும் ஒரு வண்டின் பெயரில்கூட ஒரு பாட்டு உண்டு. ‘போல் வீவில்’. பஞ்சு விலையைப் பார்த்துப் பயப்படும் ஊர்க்காரர்கள் குறித்துக்கொள்ளவும் :-) )

ஆக 2000-க்கு முன் இவர்களைக் கேட்டவர்கள் யார்? டெல்லியின் நாடகக்காரர்கள், இடதுசாரி மாணவர்கள், வாத்திய இசைப் பிரியர்கள். அவ்வளவுதான்.

அந்தக் காலத்து இந்தியப் பாப் உலகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1994-ல் சானல் வி, 1996-ல் எம்.டி.வி. இந்தியா. 1995-ல் அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’. 1996-ல் லக்கி அலியின் ‘சுனோ’, அதே வருஷம் ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் சேர்ந்த ‘கலோனியல் கசின்ஸ்’. 1997-ல் ரஹ்மானின் ‘வந்தே மாதரம்’. 1998-ல் யூஃபோரியாவின் ‘தூம்’, சில்க் ரூட்டின் ‘பூந்தேன்’. சினிமாவில் இல்லாத பாட்டு, வீட்டு டிவியில் தினமும் வந்தது. இந்த நாலைந்து வருஷம் இந்திய இசையில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது என்றே சொல்லலாம்.

இன்னொரு பக்கம் இங்கிலீஷ் ராக். பம்பாயில் 1986-லிருந்து ‘இண்டிபெண்டன்ஸ் ராக்’ விழா. ஐ.ஐ.டி. மெட்ராஸில் முதலில் ‘மார்டி கிரா’, பிறகு ‘சாரங்’. அலகாபாத்திலிருந்து 1993 முதல் ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகை. ‘ராக் மெஷின்’ குழு சொந்தப் பாட்டுகளோடு புகழ் பெற்று, 1993-ல் ‘இண்டஸ் க்ரீட்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயரில் இந்தியா வந்தது, பாட்டு இங்கிலீஷிலேயே இருந்தது.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இடம் பிடித்த ஆல்பம்தான் ‘கந்தீஸா’. டைம்ஸ் மியூசிக் வெளியிட்டது. மொத்தம் ஏழே பாட்டுகள். முந்தைய ஆல்பங்களோடு வைத்துக் கேட்டால் ஒரு மாற்றம் பளிச்சென்று தெரியும். முன்பு வாத்தியம் முன்னால், குரல் பின்னால். இங்கே குரல் முன்னால் வந்துவிட்டது. அதிலும் கூட்டமாகச் சேர்ந்து பாடக்கூடிய குரல். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், இரண்டாவது தடவைக்குள் கேட்பவனுக்கும் பிடிபட்டுவிடும், மூன்றாவது தடவை அவனும் பாடுவான். மெயின்ஸ்ட்ரீமுக்கு இவர்கள் செய்துகொண்ட சமரசம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதுதான். பாட்டின் நீளத்தைக் குறைக்கவில்லை, சுஷ்மித்தின் கிட்டார் ஓட்டங்களைக் குறைக்கவில்லை, ஹீரோ ஹீரோயினைத் தேடவில்லை. பஜனையும் ஊர்வலமும் எப்படிப் பாட வைக்குமோ அப்படிப் பாட வைத்தார்கள்.

திருப்பூர் பாஷையில் சொன்னால், பல பேர் துணி அதேதான், லேபிளை மட்டும் மாற்றி எக்ஸ்போர்ட் ஆக்கினார்கள் என்பார்கள். இங்கே தலைகீழ். லேபிள் அதேதான், நூலை மாற்றினார்கள்.

அந்த நூல் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரஸ்யம். ஏழு பாட்டில் ஜனங்கள் அதிகம் கொண்டாடிய மூன்றுமே கடன் வாங்கியவை.

முதலில் தலைப்புப் பாட்டு. கடவுள் புனிதமானவர், வல்லவர், சாவில்லாதவர் என்று மும்முறை போற்றும், கிழக்கத்தியத் திருச்சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பழைய ஜெபம் அது. கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்கள் சிரியாக் மொழியை வழிபாட்டு மொழியாக வைத்திருந்தவர்கள். சமஸ்கிருதம் தெரியாமலே சுலோகம் சொல்லும் வீடுகள் எத்தனையோ, அதுபோல அங்கே அர்த்தம் முழுசாகத் தெரியாமலே தலைமுறை தலைமுறையாகப் பாடியவர்கள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வழிபாடு பெருமளவு மலையாளத்துக்கு மாற, சிரியாக் பாட்டுகள் பெரியவர்களின் ஞாபகத்தில் தங்கின. அப்படி ஒன்றை டெல்லி ராக் குழு எடுத்துப் பாடுகிறது. மெதுவாக, ஓதுவது போல ஆரம்பித்து, குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் உச்சத்துக்குப் போகும். கேட்கிற பஞ்சாபிப் பையனுக்கோ அஸ்ஸாமியப் பெண்ணுக்கோ இது ஜெபம் என்று தெரிந்ததோ இல்லையோ, ஏதோ பெரிய விஷயம் நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

இரண்டாவது ‘ஹில்லே லே’. போஜ்புரிப் பாட்டு. எழுதியவர் கோரக் பாண்டே. உத்தரப் பிரதேசத்துக்காரர், நக்சல்பாரி அலையில் எழுந்த கவிஞர், ஜன் சன்ஸ்கிருதி மஞ்ச் அமைப்பின் முதல் பொதுச் செயலாளர். ஜனங்களின் பட்டாளம் வருகிறது, உலகம் குலுங்குகிறது என்ற கருத்தில் அமைந்த பாட்டு. நிலமில்லாத கூலி விவசாயிகளின் ஊர்வலங்களில் பாடப்பட்டது. 1989-ல் கோரக் பாண்டே டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகத்தில் தற்கொலை செய்துகொண்டார். சஃப்தர் ஹஷ்மி இறந்த அதே வருஷம், அதே ஜனவரி மாதம். பதினொரு வருஷம் கழித்து அவர் பாட்டு கேசட்டாகவும் சி.டி.யாகவும் கடைக்கு வந்தது.

மூன்றாவது ‘மா ரேவா’. ரேவா என்பது நர்மதையின் இன்னொரு பெயர். ‘நர்மதைத் தாயே’ என்று அர்த்தம். நதிக்கரை மக்கள் பாடுகிற பாட்டு. ராகுல் ராம் போராட்டத்தில் இருந்தபோது அங்கே கற்றுக்கொண்டு வந்தது. பேஸ் கிட்டார் துள்ளித் துள்ளி ஓட, கூட்டமே கைதட்டிப் பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு அந்த ஆல்பத்தில் இல்லை. கல்லூரி மேடைகளில் இந்தியன் ஓஷன் ஏறினால் கூட்டம் முதலில் கேட்பது ‘கந்தீஸா’, அடுத்தது ‘மா ரேவா’ என்றாகிவிட்டது.

இப்போது நர்மதைக்கு வருவோம். சர்தார் சரோவர் அணை குஜராத்தில் கட்டப்படுகிறது. அதன் நீர்த்தேக்கத்தில் மூழ்கும் கிராமங்கள் பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தில், கொஞ்சம் மகாராஷ்டிரத்தில், கொஞ்சம் குஜராத்தில். மூழ்குகிறவர்களில் பெரும்பகுதி ஆதிவாசிகள். எதிர்ப்பு கிளம்பி, உலக வங்கி நியமித்த மோர்ஸ் குழு 1992-ல் மறுவாழ்வு ஏற்பாடுகள் சரியில்லை என்று அறிக்கை தந்தது. 1993-ல் உலக வங்கிக் கடன் நின்றது. 1995-ல் உச்ச நீதிமன்றம் அணையின் உயரத்தை மேலே கட்டக்கூடாது என்று நிறுத்தி வைத்தது. அந்த நம்பிக்கையான வருஷங்களில் கிடைத்த பாட்டுதான் ‘மா ரேவா’.

ஆல்பம் வந்த அதே 2000-ல், அக்டோபர் 18-ம் தேதி தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகளில் இருவர் அணைக்குச் சாதகமாக, ஒருவர் எதிராக. உடனே 90 மீட்டர் வரை கட்டலாம், அதற்கு மேல் படிப்படியாக அனுமதி பெற்றுக் கட்டலாம் என்று உத்தரவு. ஒரு பக்கம் நதியின் பாட்டு நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போகிறது. இன்னொரு பக்கம் அந்தப் பாட்டைத் தந்த கரை தண்ணீருக்குள் போகத் தொடங்குகிறது. ஒரே வருஷத்தில்!

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இசைக் கலவையைப் பற்றியே பேசுகிறார்கள். ராக், ஜாஸ், ஹிந்துஸ்தானி, நாட்டுப்புறம், எல்லாம் எப்படி அழகாகக் கலந்திருக்கிறது என்று. உண்மைதான், கலந்திருக்கிறது. ஆனால் மெயின்ஸ்ட்ரீம் என்பது எதை எடுத்துக்கொள்கிறது, எதை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறது என்று பார்க்க ‘கந்தீஸா’வை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஜெபம் வந்தது, சபை வரவில்லை. கூலிக்காரர் பாட்டு வந்தது, கூலிப் பிரச்சினை வரவில்லை. நதி வந்தது, நதிக்கரை வரவில்லை. கைதட்டிப் பாடிய கூட்டத்தில் எத்தனை பேர் 90 மீட்டர், 138 மீட்டர் என்ற எண்களைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இதற்குக் குழுவைக் குற்றம் சொல்வது நியாயமாக இருக்காது. ராகுல் ராம் தன் பின்னணியை ஒளித்தவரல்ல. போராட்டத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். பின்னாளில் ‘ஐசி தைசி டெமாக்ரசி’ என்று வருண் குரோவர், சஞ்சய் ரஜோரா ஆகியோருடன் சேர்ந்து அரசியல் கிண்டல் நிகழ்ச்சியே நடத்தினார். பாடினவர் சொன்னாலும், பாட்டு தன் ஊரை மறந்துவிட்டுத்தான் பயணம் போகிறது. ஒரு விதத்தில் அது பாட்டின் பலமும்கூட. மூன்று பாட்டுகளும் அந்தந்த இடத்திலேயே இருந்திருந்தால், ‘மா ரேவா’ என்ற பெயர் கோவையிலும் கவுகாத்தியிலும் யாருக்குத் தெரிந்திருக்கும்? பெயர் தெரிந்தவர்களில் நூற்றில் ஒருவராவது ‘யார் இந்த ரேவா’ என்று தேடியிருப்பார்.

‘கந்தீஸா’வுக்குப் பிறகு 2003-ல் ‘ஜீனி’ வந்தது. கபீரின் பாடலைத் தலைப்பாகக் கொண்டது. நல்ல ஆல்பம், அவ்வளவு பரவவில்லை. அடுத்ததுதான் சினிமா. அனுராக் காஷ்யப் 1993 பம்பாய் குண்டுவெடிப்புகளை வைத்து எடுத்த ‘பிளாக் ஃப்ரைடே’வுக்கு இந்தியன் ஓஷன் இசை. வழக்கு நடந்துகொண்டிருந்ததால் பம்பாய் உயர் நீதிமன்றம் படத்தைத் தடுத்துவைத்தது. பாட்டு 2005-லேயே வந்துவிட்டது, படம் 2007 பிப்ரவரியில்தான் வந்தது. பியூஷ் மிஸ்ரா எழுதிய ‘பந்தே’ பாட்டு, படம் இல்லாமலே ஹிட்டானது. சினிமாப் பாட்டாகப் பிறந்து, சினிமா இல்லாமல் இரண்டு வருஷம் தனியாக நின்று ஜெயித்த விசித்திரம் அது! சினிமா இவர்களைக் கூப்பிட்டபோது இவர்கள் தங்கள் ஒலியோடேயே உள்ளே போனார்கள். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது ‘கந்தீஸா’ சம்பாதித்த கூட்டம்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். 2010-ல் ‘பீப்ளி லைவ்’, 2015-ல் ‘மசான்’ என்று அது தொடர்ந்தது. ‘மசான்’ படத்து ரயில் பாட்டு தெரியாத ஹிந்தி ரசிகர் குறைவு.

தமிழில் ஏன் ஒரு ‘கந்தீஸா’ வரவில்லை? இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. திறமைக்குப் பஞ்சமில்லை. இளையராஜா 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’, 1988-ல் ‘நத்திங் பட் விண்ட்’ என்று சினிமாவுக்கு வெளியே இரண்டு அபூர்வமான ஆல்பங்கள் போட்டார். இன்றும் அவற்றைத் தேடித்தான் கேட்க வேண்டும், பனியன் கம்பெனி ஸ்பீக்கரில் அவை ஓடாது. ரஹ்மான் இளம் வயதில் சென்னை ராக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். 1992-ல் ‘ரோஜா’ வந்தது, அத்தோடு அந்தப் பக்கக் கதை முடிந்தது. சென்னையில் நல்ல கிட்டாரிஸ்ட், நல்ல டிரம்மர் என்று யார் தலையெடுத்தாலும் கோடம்பாக்கம் கூப்பிட்டுக்கொள்ளும். மாதச் சம்பளத்துக்கு உத்தரவாதமில்லாத தொழிலில், கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? டெல்லியில் சினிமா ஸ்டுடியோக்கள் இல்லை. இந்தியன் ஓஷன் பத்து வருஷம் கெடாமல் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தமிழில் வெளியே இருந்து வந்த அலைகளும் சினிமா வழியாகவே பெரிதாயின. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006-ல் ‘வல்லவன்’ என்ற ராப் ஆல்பம் போட்டார்; தமிழ்நாட்டில் ஊருக்கெல்லாம் தெரிந்தது 2007-ல் ‘பொல்லாதவன்’ படத்தில் பாடிய பிறகு. கோவைப் பையன் ஆதியும் ஜீவாவும் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழா, 2012-ல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம். அடுத்த வருஷமே ‘எதிர்நீச்சல்’, 2015-ல் ‘ஆம்பள’ படத்துக்கே இசையமைப்பாளர். பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேற்றிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’தான் ‘கந்தீஸா’வுக்கு மிக அருகில் வருவது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். ஒரு வித்தியாசம் உண்டு, பெரிய வித்தியாசம். அங்கே பாட்டு தன் ஊரை விட்டுவிட்டு வரவில்லை. எந்தத் தெருவிலிருந்து வந்தது, எதற்காகப் பாடப்படுகிறது என்பதைப் பாட்டே சொல்லிவிடும். அதனாலேயே சில ஸ்பீக்கர்களில் அது ஓடுவதும் இல்லை.

இந்தியன் ஓஷன் பக்கம் மிச்சக் கதை சுருக்கமானது. 2009 டிசம்பர் 25-ம் தேதி அஷீம் சக்கரவர்த்தி மாரடைப்பில் இறந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடிய அந்தக் குரலுக்கு மாற்று கிடையாது. அவர் பாடி வைத்திருந்த பாட்டுகளைக் கொண்டு 2010-ல் ‘16/330 கஜூர் ரோடு’ வந்தது. கரோல்பாக்கில் குழு வருஷக்கணக்காகப் பயிற்சி செய்த பழைய வீட்டின் விலாசம்தான் தலைப்பு. மாதம் ஒரு பாட்டாக இலவசமாகவே கொடுத்தார்கள். 2013-ல் சுஷ்மித் சென் விலகினார். ராகுலும் அமித்தும் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு 2014-ல் ‘தாண்டனு’, 2023-ல் ‘தூ ஹை’ ஆல்பங்களைக் கொண்டுவந்தார்கள்.

அணை வேலையும் நிற்கவில்லை. 90 மீட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 138.68 மீட்டருக்கு வந்தது. 2017 ஜூனில் மதகுகளை மூட அனுமதி கிடைத்தது. செப்டம்பர் 17-ம் தேதி பிரதமர் மோடி அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2019 செப்டம்பரில் நீர்த்தேக்கம் முதல் தடவையாக முழுக் கொள்ளளவுக்கு நிரம்பியது. மத்தியப் பிரதேசத்தில் பட்வானி, தார் மாவட்டங்களின் கரையோர ஊர்களில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிய மாதம் அது.